கரண்ட் போனால்தான் தெரியும் தொட்டியின் லட்சணம்

கடல்நீர் மீன்தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மீனைப் படித்தவன் அல்ல. இருபத்தெட்டு வருஷமாகச் சென்னையில் குழாய் வேலை செய்கிறவன். 2008-இல் அண்ணா நகரில் ஒரு வீட்டில் "கீழே ஒழுகுது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்கள். பாத்ரூம் என்று நினைத்து ரெஞ்ச்சோடு போனேன். ஹாலில் ஆறடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே விரல் விரலாக ஏதோ அசைந்துகொண்டிருந்தது. செடி என்றேன். "செடி இல்லை, உயிர்" என்றார் வீட்டுக்காரர். ஒழுகலை அடைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். கூலி வாங்க மறந்த ஒரே நாள் அது. இப்போது கொளத்தூரில் தொட்டிக் குழாய் வேலைதான் முழுநேரப் பிழைப்பு.

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரண்ட் சம்பந்தப்பட்டவை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கே.எஸ்., மடிப்பாக்கம்:
நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி. கீழே சம்ப். கடைக்காரரே வந்து எல்லாம் மாட்டிக் கொடுத்தார். பத்து நாள் நன்றாக ஓடியது. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஹால் முழுக்க உப்புத் தண்ணீர். எந்தக் கண்ணாடியிலும் விரிசல் இல்லை. நடுவில் அரை மணி நேரம் கரண்ட் போயிருந்தது, அவ்வளவுதான். சம்ப் 36 அங்குல நீளம், 16 அகலம், 16 உயரம். அதில் 12 அங்குலம் தண்ணீர் நிற்கும். மேலே ரிட்டர்ன் குழாயின் (சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்) வாய் தண்ணீருக்கு மூன்று அங்குலம் கீழே இருக்கிறது. தப்பு எங்கே?

அளவெல்லாம் எழுதி அனுப்பினீர்களே, அதற்கே நன்றி. உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. கூட்டிப் பார்ப்போம்.

உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டி, கீழே சம்ப்பு, நடுவில் மோட்டார், இதே அமைப்புதான் இதுவும். ஒரே வித்தியாசம், வீட்டில் மேலே ஏறிய தண்ணீர் திரும்பிச் சம்ப்புக்கு வராது. இங்கே ஏறியதெல்லாம் இறங்கும். மேலே தொட்டி மூலையில் இருக்கும் பெட்டியின் (கலங்கல் பெட்டி) பல் வைத்த ஓரத்தைத் தாண்டி விழுகிற தண்ணீர், எங்கள் மதுராந்தகம் பக்கத்து ஏரியில் கலங்கல், அதாவது மிச்சத் தண்ணீர் வெளியேறும் வாய், வழிகிற மாதிரி. ஏரி கலங்கல் மட்டத்துக்குக் கீழே தானாக வற்றாது. அதுபோலப் பம்ப்பு நின்றதும் தொட்டியும் கலங்கல் மட்டத்தில் நின்றுவிட வேண்டும். உங்கள் தொட்டி நிற்கவில்லை. ஏன்?

ரிட்டர்ன் குழாய் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கிறது. பம்ப்பு தள்ளும்வரை தண்ணீர் மேலே போகும். பம்ப்பு நின்ற நொடியே அதே குழாய் திசை மாறும். பெட்ரோல் டேங்கில் டியூப் போட்டு வாயால் உறிஞ்சிவிட்டால் தானாக இறங்குமே, அப்படி. குழாய் வாய் காற்றைத் தொடும்வரை நிற்காது. உங்கள் தொட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் என்றால் 19 லிட்டர். மூன்று அங்குலத்துக்கு 57. கலங்கல் பெட்டியிலும் குழாயிலும் நிற்பது ஒரு எட்டு லிட்டர். ஆக 65 லிட்டர் கீழே வரும். சம்ப்பில் காலியாக இருப்பது நாலு அங்குலம், அதாவது 38 லிட்டர். மிச்சம் 27 லிட்டர், ரெண்டு குடம் தண்ணீர், உங்கள் ஹாலுக்கு.

சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. ரிட்டர்ன் வாயை மேலே தூக்குங்கள், தண்ணீர் மட்டத்துக்கு முக்கால் அங்குலம் கீழே போதும். கூடவே அந்தக் குழாயில், தண்ணீர் மட்டத்தை ஒட்டினாற்போல, 6 மில்லி ட்ரில் பிட்டால் ஒரு ஓட்டை போடுங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அதன் வழியாகக் காற்று நுழைந்து உறிஞ்சலை அறுத்துவிடும். ஆனால் ஓட்டையை மட்டும் நம்பி வாயை ஆழத்தில் விடாதீர்கள். பாசி அடைக்கும், நத்தை வந்து குந்திக்கொள்ளும். தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வு போட்டால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம், புதிதாக இருக்கும்வரை மூடும். ஆறு மாதத்தில் அதன் நாக்கில் சுண்ணாம்பு படிந்து பாதி திறந்தே நிற்கும். செக் வால்வு இருக்கிறது என்ற தைரியத்தில் கணக்கை விட்டவர்கள் வீட்டில்தான் நான் அதிகம் தரை துடைத்திருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு பரீட்சை. எல்லாம் ஓடும்போது பம்ப்பு சுவிட்சை அணையுங்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். தண்ணீர் இறங்கி நிற்க மூன்று நான்கு நிமிஷம் ஆகும். சம்ப்பில் எந்த மட்டத்தில் நின்றது என்று பாருங்கள், விளிம்புக்கு ரெண்டு அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். பிறகு பம்ப்பைப் போட்டு, மட்டம் நிலைத்ததும் சம்ப்பில் பம்ப்பு நிற்கும் கடைசி அறையில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் யாரும், ஆசையாக நல்ல தண்ணீர் ஊற்ற வரும் மாமனார் உட்பட, ஊற்றக் கூடாது.

இதற்கு எதிர்ப் பக்கப் பரீட்சையும் உண்டு. கீழே இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால்? பம்ப்பு தன் அறையிலுள்ள தண்ணீர் மொத்தத்தையும் மேலே ஏற்றிவிட்டுத்தான் ஓயும். கடைசி அறை 12 அங்குல நீளம், 9 அங்குலத் தண்ணீர் என்றால் 28 லிட்டர். மேலே தொட்டி விளிம்புவரை ஒன்றரை அங்குலம் காலியாக இருந்தால் அதுவும் 28 லிட்டர்தான். மயிரிழையில் தப்பும். அதனால் கடைசி அறையைச் சின்னதாக வையுங்கள். பெரிய அறை வைத்தால் ஆவியாவதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ஊற்றுவது சுலபம், துடைப்பதுதான் கஷ்டம்.

கடைக்காரர் மேல் தப்பா என்றால், ஆமாம். மாட்டிக் கொடுத்த அன்றே சுவிட்சை அணைத்துக் காட்டாதவருக்கு நான் கூலி கொடுக்க மாட்டேன்.

ஆர்.எம்., வேளச்சேரி:
அண்ணா, எங்கள் தொட்டி ஹாலில். ராத்திரி எல்லாம் அடங்கியதும் குடுகுடு, குளுக் என்று சத்தம், பிறகு ஒரே இழுப்பாக உறிஞ்சுகிற சத்தம். குழந்தை தூங்குவதில்லை, மாமியார் தொட்டியை விற்கச் சொல்கிறார். கலங்கல் பெட்டியில் ரெண்டு ஓட்டை, ரெண்டும் ஒரு அங்குலம். ஒன்றில் இறங்கும் குழாய், ஒன்றில் ஏறும் குழாய். இறங்கும் குழாயில் வால்வு வைத்துக் குறைக்கலாமா?

தங்கச்சி, அந்த வால்வை மட்டும் வைத்துவிடாதே. ஒரே ஒரு இறங்கும் குழாய் இருக்கும்போது அதில் வால்வு வைத்து இறுக்கினால் இன்றைக்குச் சத்தம் அடங்கும், நாளைக்கு ஒரு பாசித் துணுக்கு வந்து மிச்ச வழியையும் அடைக்கும், அதன் பிறகு மடிப்பாக்கத்துக்காரர் கதைதான்.

சத்தம் ஏன் வருகிறது? குழாயில் தண்ணீரும் காற்றும் சேர்ந்து இறங்குகின்றன. ரெண்டும் இடத்துக்குச் சண்டை போடுகிற சத்தம்தான் குடுகுடு. சில நேரம் தண்ணீர் குழாயை முழுக்க நிரப்பி ஒரே மூச்சில் இழுத்துவிடும், மட்டம் சட்டென்று இறங்கி மறுபடி காற்று புகும். அதுதான் அந்த உறிஞ்சல். ஒரு அங்குலக் குழாயில் காற்றோடு சேர்த்து மணிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் இறக்கினாலே சத்தம் போடத் தொடங்கிவிடும். அதே குழாயைக் காற்றே இல்லாமல் முழுக்கத் தண்ணீராக ஓடவிட்டால் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல், சத்தமே இல்லாமல் இறங்கும். அமெரிக்காவில் இந்த முறைக்கு ஹெர்பி என்று பெயர். மூன்று குழாய் வைப்பது பீன் அனிமல். உனக்கு இருப்பது ரெண்டு ஓட்டை, அதனால் ஹெர்பி.

ஏறும் குழாயை அந்த ஓட்டையிலிருந்து எடுத்துவிடு. அதைத் தொட்டியின் பின்பக்க விளிம்பு மேல் வளைத்து விடலாம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, கறுப்பு பெயின்ட் அடித்த குழாய் என்றால் கண்ணில் படாது. காற்று ஓட்டையை மறக்காதே. இப்போது பெட்டிக்குள் ரெண்டு ஓட்டையும் இறங்குவதற்கு. ஒன்று வேலைக்காரக் குழாய், ஒன்று காவல்காரக் குழாய். வேலைக்காரக் குழாயின் வாய் தாழ்வாக, எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும், வால்வு அதில்தான். காவல்காரக் குழாயின் வாய் உயரத்தில், கலங்கல் மட்டத்துக்குச் சற்றே கீழே. அதில் வால்வு கூடவே கூடாது. சாதாரண நாளில் அதில் தண்ணீர் போகாது, அல்லது ஒரு நூல் அளவு கசியும்.

வால்வு பற்றி ஒன்று. கால் திருப்பில் மூடுகிற பால் வால்வு இதற்கு உதவாது. அது திறந்தால் திறப்பு, மூடினால் மூடல். தலையைச் சுற்றிச் சுற்றி இறக்கும் கேட் வால்வுதான் வேண்டும், அதுவும் முழுக்கப் பிளாஸ்டிக். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கேட் வால்வு என்று கேட்டால் பித்தளையைத் தூக்கிக் கொடுப்பார்கள். பித்தளை ஏன் ஆகாது என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

திருப்பும் விதம் இது. வால்வை முழுக்கத் திறந்து பம்ப்பைப் போடு. குழாய் காற்றை இழுத்து அலறும். அலறட்டும். வால்வை ஒரு சுற்று மூடு, இன்னொரு சுற்று. சத்தம் ஒரு கட்டத்தில் சட்டென்று அறுந்துபோகும். அப்போது பெட்டிக்குள் மட்டம் மெல்ல ஏறத் தொடங்கும். இனி அரைச் சுற்று, பிறகு கால் சுற்று. ஒவ்வொரு திருப்புக்கும் பிறகு கையை எடுத்துவிட்டு ஒரு காபி குடி. மட்டம் நிலைக்க நேரம் கொடுக்க வேண்டும், அவசரத்தில் கூடத் திருப்பிவிட்டுத் திரும்பக் குறைத்து, திரும்பக் கூட்டி, நான் ஒரு வீட்டில் சாயங்காலம் தொடங்கி ராத்திரி பதினொன்றுக்கு முடித்திருக்கிறேன். காவல்காரக் குழாய் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே மட்டம் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. காதைப் பெட்டியில் வைத்தால் ஃபிரிட்ஜ் சத்தம்தான் கேட்கும்.

கீழே சம்ப்பில் வேலைக்காரக் குழாயின் முனை தண்ணீருக்குள் ஓர் அங்குலம்தான் மூழ்க வேண்டும். அரை அடி மூழ்கியிருந்தால் கரண்ட் வந்து மறுபடி ஓடும்போது குழாயில் சிக்கிய காற்று வெளியே போக முடியாமல் திணறும். காவல்காரக் குழாயின் முனையைத் தண்ணீருக்கு மேலேயே விட்டுவிடு. அதில் தண்ணீர் வந்தால் சளசளவென்று விழும். விழட்டும், அடைப்பு வந்திருக்கிறது என்று உன் மாமியாரே வந்து எழுப்புவார்.

எஸ்.வி., பாளையங்கோட்டை:
குழாய், வால்வு, பசை எல்லாம் உள்ளூர்க் கடையிலேயே வாங்கலாமா? எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

தாராளமாக வாங்கலாம். குளிர்ந்த தண்ணீருக்கான வெள்ளை யுபிவிசி குழாய், ஈயம் இல்லாதது என்று அச்சிட்டிருக்கும், அது போதும். மஞ்சள் வாக்கான சிபிவிசி சுடுதண்ணீருக்கு. அதைப் போட்டாலும் தவறில்லை, காசுதான் வீண். ஆனால் ரெண்டுக்கும் ஒட்டும் சொல்யூஷன் வேறு வேறு, டப்பாவைப் பார்த்து வாங்குங்கள்.

அளவில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். விவசாயத்துக்கு வரும் சாம்பல் நிறக் குழாய் மில்லிமீட்டர் கணக்கு. வீட்டு வேலைக்கு வரும் வெள்ளைக் குழாய் அங்குலக் கணக்கு. 32 மில்லிக் குழாயும் ஒரு அங்குலக் குழாயும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒரு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மில்லி. ஒன்றின் எல்போவில் இன்னொன்றைத் திணித்தால் ஏறாது, அல்லது ஆடும். ஆடுகிறதைப் பசை பிடித்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள்.

கண்ணாடி ஓட்டையில் போடும் டேங்க் கனெக்டருக்கு ரப்பர் வாஷர் ஒரே பக்கம்தான், தலை இருக்கும் பக்கம், தண்ணீருக்குள். நட்டுப் பக்கமும் ஒரு வாஷர் போட்டால் ரெட்டைப் பாதுகாப்பு என்று தோன்றும். இறுக்கும்போது அது முறுகி நழுவும், ஒழுகும். கையால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று, அவ்வளவுதான். ரெஞ்ச்சில் என் பலத்தைக் காட்டி ஒரு முறை கனெக்டரையே விரியவிட்டிருக்கிறேன். ஓட்டையின் விளிம்புக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் நடுவே ஓட்டை விட்டம் அளவுக்காவது இடம் விடுங்கள். கீழ்க்கண்ணாடி டஃபன்டு (சூடாக்கிக் கடினமாக்கியது) என்றால் ட்ரில்லை எடுக்கவே வேண்டாம், தொட்ட நொடியில் கல்கண்டாகச் சிதறும். சிலிக்கோன் வாங்கும்போது பாத்ரூமுக்கானது, பூஞ்சை பிடிக்காது என்று போட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். பூஞ்சையைக் கொல்லும் மருந்து அதில் இருக்கிறது.

இப்போது பித்தளைக்கு வருகிறேன். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். உப்புத் தண்ணீர் அதை அரித்துச் செம்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். மீன் கொஞ்சம் செம்பைத் தாங்கும். மீனின் தோல் ஒட்டுண்ணிக்கு மருந்தாகவே தனித் தொட்டியில் செம்பு போடுவார்கள். நத்தை, இறால், பவளம் இவை தாங்காது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2012-இல் பெரம்பூரில் ஒரு தொட்டி கட்டினேன். எல்லாம் பிளாஸ்டிக் என்று என் மனசுக்குள் சத்தியம். மூன்றாவது வாரம் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்தன. நிமிர்த்தி வைத்தால் மறுபடி விழும். நாலாம் நாள் இறால் ரெண்டும் போயின. அம்மோனியா பார்த்தோம், உப்பு பார்த்தோம், எல்லாம் சரி. எட்டாம் நாள் கோபத்தில் குழாய் மொத்தத்தையும் கழற்றினேன். பம்ப்புக்குப் பக்கத்தில் மரை போட்ட ஒரு அடாப்டர். வெளியே வெள்ளை வெளேர் பிளாஸ்டிக். உள்ளே மரை மட்டும் பித்தளை, கீசருக்கும் டேப்புக்கும் போடுவோமே, அதே சாமான். பழக்க தோஷத்தில் பையிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறேன். மரையின் பள்ளத்தில் பச்சைக் களிம்பு, கோயில் குத்துவிளக்கு அடியில் இருக்குமே, அந்தப் பச்சை. நானே பிளம்பர், நானே குற்றவாளி. பாதித் தண்ணீர் மாற்றி, கரி போட்டு, மாதக்கணக்கில் தேற்றினோம். அன்றிலிருந்து தொட்டி வேலைக்குத் தனிப் பை. அதில் உலோகம் என்றால் ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான்.

ஜி.பி., மதுரை:
தொட்டி வைத்து மூன்று மாதம். கண்ணாடி, மணல் எல்லாம் பழுப்புப் பாசி. வீட்டில் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்புக் கலக்குகிறேன். நாங்கள் குடிக்கிற தண்ணீர் மீனுக்கு ஆகாதா?

உங்களுக்கு ருசியாக இருக்கட்டும் என்று அந்த மெஷினில் ஒரு ஏமாற்று இருக்கிறது. டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு, வடிகட்டிய தண்ணீரில் வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள், 60, 80 என்று காட்டும். குடிக்க நல்லது. பவளத் தொட்டிக்கு வேண்டியது பூஜ்யம். அந்த 60-க்குள் போர்த் தண்ணீரின் சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் இருக்கலாம். பழுப்புப் பாசிக்குச் சிலிக்கேட் விருந்து.

திருகை மூடிவிட்டு, ஆர்.ஓ. வெளிவரும் இடத்தில், மிஞ்சிய உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் நிரப்பிய ஒரு குழலைச் சேருங்கள். நிறம் மாறும் ரெசின் என்றால் தீர்ந்ததும் கண்ணிலேயே தெரியும். குடிக்கும் பாதையைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், டி.ஐ. தண்ணீர் நமக்கு வேண்டாம். போர்த் தண்ணீரே 1200 டிடிஎஸ் இருக்கிற வீட்டில் ஆர்.ஓ. தாண்டியும் 60 மிஞ்சும், ரெசின் சீக்கிரம் தீரும். அதற்குப் பயந்து டி.ஐ. வேண்டாம் என்று விட்டவர்கள் கடைசியில் பாசி மருந்துக்கு அதைவிடச் செலவு செய்கிறார்கள்.

உப்பைத் தண்ணீரில் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம், சின்னப் பம்ப்பு போட்டு ஒரு நாள் சுற்றவிட்டு, உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) வருகிறதா என்று பாருங்கள். ஆவியாகிற தண்ணீருக்குப் பதில் ஊற்றுவது மட்டும் உப்பில்லாத தண்ணீர். தண்ணீர்தான் பறக்கும், உப்பு பறக்காது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் தினமும் உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தொட்டியை ஊறுகாய் ஆக்கிய ஒரு இன்ஜினீயர் எனக்கு நல்ல நண்பர்.

டி.கே., கோவை:
தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கட்டாயமா? விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

உங்கள் ஊரில் முதலில் ஃபேன் வைத்துப் பாருங்கள். தண்ணீர் மேல் சாய்வாகக் காற்றடித்தால் ரெண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் நன்றாக வேலை செய்யும், சென்னையில் புழுங்குகிற மாதங்களில் கைவிட்டுவிடும். ஆவியாவது கூடும், என் நாலடித் தொட்டியில் மே மாதம் ஒரு நாளைக்கு ஆறு லிட்டர்வரை ஊற்றியிருக்கிறேன். 25, 26 டிகிரி சுகம். 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கும். கடலிலேயே அப்படித்தான், 2016-இல் மன்னார் வளைகுடாவில் வெளுத்ததற்கும் சூடேறிய தண்ணீர்தான் காரணம்.

சில்லரே வாங்கினால் உள்ளே டைட்டானியம் சுருள் என்று உறுதி செய்யுங்கள். அதைத் தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். அது உமிழ்கிற சூட்டை அதுவே குடித்து ராப்பகலாக ஓடும்.

என்.ஆர்., திருச்சி:
இன்வெர்ட்டரில் ஓடும்போது ரிட்டர்ன் பம்ப்பு வண்டு மாதிரி ரீங்காரமிடுகிறது. சூடும் ஆகிறது. தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் கரண்ட் வந்ததும் பொங்கி வழிகிறது.

உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். மோட்டாருக்கு அந்தக் கரண்ட் பிடிக்காது. சைன் வேவ் இன்வெர்ட்டர் மாற்றுங்கள், அல்லது அடாப்டரில் ஓடும் டிசி பம்ப்பு வாங்குங்கள். எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்ட வேண்டிய அவசியமும் இல்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் முதலில் தீர்வது ஆக்ஸிஜன். தண்ணீரை மேல்மட்டத்தில் அலைத்துக்கொண்டே இருக்க ஒரு வேவ்மேக்கர் (அலை கிளப்பும் சின்னப் பம்ப்பு) போதும். அதற்கும் வழியில்லை என்றால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப்பு. லைட், சில்லர், ஸ்கிம்மர் காத்திருக்கும்.

ஸ்கிம்மர் பொங்குவது, கரண்ட் வரும் நொடியில் சம்ப்பு மட்டம் உயர்ந்திருப்பதால். மேலே தண்ணீர் ஏறி மட்டம் பழைய நிலைக்கு இறங்கும்வரை ஸ்கிம்மர் பொறுக்க வேண்டும். அதன் சுவிட்சுக்கு ஐந்து நிமிஷம் தாமதிக்கும் டைமர் ஒன்று போடுங்கள், ஃபிரிட்ஜுக்கு வைப்போமே அது மாதிரி.

இதோடு ஒன்று. ஸ்விட்ச் போர்டு சம்ப்புக்கு நேர் மேலே இருந்தால் இன்றே பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். வயர்கள் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவு தொங்கட்டும், வழிந்து வருகிற நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கரண்ட் கசிந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் நான் கையை நனைப்பதில்லை.

எல்.ஆர்., அம்பத்தூர்:
மூன்றாவது மாடி ஃபிளாட். நாலடித் தொட்டி தாங்குமா?

மடிப்பாக்கம் அளவிலான தொட்டியில் தண்ணீர் மட்டுமே 450 லிட்டர். கண்ணாடி, கல், சம்ப், ஸ்டாண்டு சேர்த்தால் 600 கிலோவைத் தாண்டும். எல்லாம் எட்டுச் சதுரஅடிக்குள். அறை நடுவில் வேண்டாம். கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி, ஸ்டாண்டின் நீளம் பீமுக்கு இணையாக வையுங்கள். பீம் எங்கே என்று கீழ் வீட்டுக்காரரின் கூரையைப் பார்த்தால் தெரியும். பழைய கட்டடம் என்றால் கட்டுமான இன்ஜினீயரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். நான் குழாய்க்காரன்.

கல்லூரி மாணவர், தூத்துக்குடி:
சார், கடற்கரையில் பவளக்கல் ஒதுங்கிக் கிடக்கிறது. செத்த கல்தானே, தொட்டிக்கு எடுத்துக்கொள்ளலாமா? தண்ணீரும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாமா?

தம்பி, கல்லைத் தொடாதே. 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பாறை கட்டும் பவளம் மொத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள். கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் அதோடு சேர்த்தி. செத்தது, உடைந்தது என்ற சாக்கு எடுபடாது. உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அதனாலேயே அந்தக் கரையில் கெடுபிடி அதிகம்.

தொட்டிக்குச் செராமிக் கல் கிடைக்கிறது. சிமென்ட்டில் நாமே வார்த்தும் செய்யலாம், வெள்ளை சிமென்ட், கிளிஞ்சல் பொடி, கல் உப்பு. வார்த்த பிறகு உப்பு கரைந்து ஓட்டை ஓட்டையாக வரும். ஆனால் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி, பிஹெச் ஏறுவது நின்ற பிறகுதான் தொட்டிக்குள் விட வேண்டும். ஒரு மாதம், ரெண்டு மாதம் ஆகும். அவசரப்பட்டால் சுண்ணாம்புத் தண்ணீரில் மீன் விட்ட கதை.

கடல் தண்ணீர் எடுக்கலாம். ஆற்று வாய், துறைமுகம், சாக்கடை கலக்கும் இடம் தவிர்த்து, அலை அடங்கிய நாளில். மழைக்காலம் முடியும்வரை எடுக்காதே, மேலே நல்ல தண்ணீர் மிதந்து உப்பு குறைந்திருக்கும். எடுத்த தண்ணீரை இருட்டில் ரெண்டு வாரம் மூடி வைத்து, தெளிந்ததை மட்டும் எடு.

எட்டாம் வகுப்பு வாசகி, தாம்பரம்:
மாமா, கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயம் வேண்டுமா? அப்பா வேண்டாம் என்கிறார்.

அப்பா சொல்வதுதான் சரி பாப்பா. கோமாளி மீன் சாமந்தி இல்லாமல் நன்றாக இருக்கும். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சு சாமந்தியைப் பார்த்தே இருக்காது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் கிளையில் இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். வாங்கும்போது கடலில் பிடித்ததா, பொரிப்பகத்துக் குஞ்சா என்று கேள். குஞ்சையே வாங்கு, அது தொட்டித் தீனிக்குப் பழகியிருக்கும்.

பூ மாதிரி தெரிந்தாலும் கடல் சாமந்தி ஒரு உயிர், அதற்குக் கால் உண்டு. வைத்த இடத்தில் இருக்காது, ராத்திரி நடக்கும். நடந்து போய் வேவ்மேக்கரில் மாட்டிக்கொண்டால் அரைத்த தேங்காய் மாதிரி ஆகிவிடும், தண்ணீர் கெட்டு மீதி உயிர்களும் போகும். பெரியவளாகி உன் தொட்டிக்கு ஒரு வயசு ஆன பிறகும் ஆசை இருந்தால், சாமந்தி வாங்குவதற்கு முந்தின நாள் எல்லாப் பம்ப்பு வாயிலும் ஸ்பாஞ்ச் மாட்டச் சொல்லி அப்பாவிடம் சொல். பிறகு வாரம் ஒரு தடவை அந்த ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுவது உன் வேலை.